பெட்டிக்குள் எவ்வளவு பஞ்சு?

1

செவ்வாய்க்கிழமை, பிற்பகல்

அன்பு மகள் பொடிசுக்கு அம்மா எழுதுவது.

நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா, தெரியவில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டேன். இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம்.

வங்கியில் வேலை பார்க்கும் உன் தோழிதான் உன் விலாசத்தைக் கொடுத்தாள். அவளைத் திட்டாதே. சட்டைக்கு அளவு கொடுக்க வந்தாள். இடுப்பைச் சுற்றி நாடாவைப் போட்டுப் பிடித்துக்கொண்டு, விலாசத்தைச் சொன்னால்தான் விடுவேன் என்று நின்றுவிட்டேன். "ஆன்ட்டி, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்று மூன்று தடவை சத்தியம் வாங்கினாள். இதோ, முதல் பத்தியிலேயே சத்தியத்தை மீறியாகிவிட்டது.

உன் பழைய எண்ணுக்குப் பலமுறை போன் செய்தேன். அப்படி ஒரு எண்ணே இல்லை என்கிறது. ஒருவிதத்தில் நல்லதுதான். போனில் என் குரல் கெட்டுப்போகும். காகிதத்தில் எது எப்படி ஆனாலும் உனக்குத் தெரியாது.

அப்பா ஓய்வு பெற்றுப் பத்து மாதம் ஆகிறது. இருபத்தொன்பது வருடம் நேரம் தவறாமல் பஸ் ஓட்டியவருக்குக் கடைசி நாளில் ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். இனிமேல் நேரம் பார்த்து என்ன செய்யப் போகிறார் என்று யாரும் யோசிக்கவில்லை. இப்போதும் தினம் மூன்று மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு டிப்போ வாசல் டீக்கடைக்குப் போய்விடுகிறார். பழைய ஆட்களோடு உட்கார்ந்துவிட்டு ஆறு மணிக்குத் திரும்புகிறார். எஞ்சின் பக்கத்துக் காது இன்னும் கொஞ்சம் மந்தமாகிவிட்டது. அந்தப் பக்கம் நின்று பேசினால் பதில் வராது. காது கேட்காததாலா, பேசப் பிடிக்காததாலா என்று கண்டுபிடிக்க நான் மறுபக்கம் போய் நிற்கவேண்டும். பெரும்பாலும் போவதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ பாதியில் விட்டுப்போன ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் முன்னறையில் அதே மூலைகளில்தான் இருக்கின்றன. ஒன்றின்மேல் என் இஸ்திரித் துணி, மற்றதன்மேல் அப்பாவின் செய்தித்தாள்கள். பழைய சாமான்காரரிடம் போட்டுவிடச் சொன்னார். பெட்டி எனக்கு மேசையாக உதவுகிறது என்று சொல்லித் தட்டிக்கழித்துவிட்டேன். உள்ளே வைக்கவேண்டிய பெரிய ஸ்பீக்கர் இரண்டையும் சின்னது இரண்டையும், நீ பொட்டலம் கட்டி வைத்திருந்த சாமான்களையும், உன் நோட்டையும் லைனிங் துணி வைக்கிற டிரங்குப் பெட்டியில் அடியில் போட்டு மூடியிருந்தேன்.

போன வாரம் துணி எடுக்கும்போது கையில் தட்டுப்பட்டன. உன் பழைய துண்டில் சுற்றி வைத்திருந்தாய். பெரிய ஸ்பீக்கரின் நடுவில், அந்தக் காகிதக் கூம்பில், விரலால் லேசாக அழுத்தினேன். உள்ளே போய்த் திரும்பி வந்தது, தூங்கும் குழந்தையின் வயிறு மாதிரி. கொஞ்ச நேரம் அதையே செய்துகொண்டிருந்தேன். பிறகு நோட்டைப் பிரித்தேன்.

நீ உனக்காக எழுதி வைத்தது என்று தெரியும். படித்தது தப்புதான். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் உன்னையே நீ திட்டி வைத்திருக்கிறாயே! "இங்கே அவசரப்படாதே கழுதை." "ரெண்டு தடவை அள, ஒரு தடவை வெட்டு." இந்த இரண்டாவது நான் உனக்குச் சொன்னது. உன் பாவாடைத் துணியை நீயே வெட்டப் போய் முழங்காலுக்கு மேல் ஆனபோது சொன்னேன்.

நான் தையற்காரி. படம் பார்த்து வெட்டத் தெரியும், இணைக்கத் தெரியும். மின்சாரம்தான் தெரியாது. அதையும் நீ ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதித்தானே வைத்திருக்கிறாய்? ஆகவே நானே முடித்துப் பார்ப்பது என்று துணிந்துவிட்டேன். மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை வீட்டில் யாரும் இல்லை.

ஒரே ஒரு இடத்தில் தடுக்கி நிற்கிறேன். பதினான்காம் பக்கத்தில் சின்ன ஸ்பீக்கருக்கு முன்னால் போடவேண்டிய கெப்பாசிட்டரின் அளவில் எண்ணெய் பட்டு மங்கிவிட்டது. நாலு புள்ளி ஏழா, நாற்பத்தேழா? அந்தப் பொட்டலத்திலும் அது இல்லை, கடையில்தான் வாங்கவேண்டும். தப்பாகப் போட்டால் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

அதை மட்டும் எழுது, போதும். வேறு எதுவும் எழுதவேண்டிய கட்டாயம் இல்லை. உன்னோடு இருப்பவரும் சுகம்தானே?

இப்படிக்கு,
அம்மா

2

சனிக்கிழமை

என் கண்ணான மகளுக்கு,

உன் அட்டை வந்தது. "4.7" என்று எழுதி அடியில் ஒரு கோடு போட்டிருந்தாய். அவ்வளவுதான். பதினான்கு மாதத்துக்குப் பிறகு மகள் அம்மாவுக்கு எழுதிய கடிதம், நாலு புள்ளி ஏழு. தபால்காரர், "என்னம்மா, லாட்டரி நம்பரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அந்த ஏழில் நடுவே ஒரு சின்னக் கோடு போடுவாயே, அது இன்னும் இருக்கிறது. அட்டையைத் தையல் மெஷின் இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

அதை எழுதிக்கொண்டு ரேடியோ கடைக்குப் போனேன். கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதெல்லாம் யாருக்கும்மா? வீட்ல பையன் யாராவது இருந்தா அனுப்புங்க, விவரமா சொல்றேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "பையன் இல்லைங்க. பொண்ணு இருக்கா. அவதான் அளவு சொல்லி அனுப்பிச்சா. எங்கிட்டயே விவரமா சொல்லுங்க" என்றேன். பொண்ணு இருக்கா. இந்த இரண்டு வார்த்தையை வாய்விட்டுச் சொல்லி எவ்வளவு நாளாயிற்று தெரியுமா? திரும்பி வரும்போது வழி நெடுக அதையே மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அந்த மனிதர் நல்லவர்தான். சாமானைக் கொடுத்ததோடு ஈயம் வைக்கும் விதத்தையும் காட்டிக் கொடுத்தார். சூட்டைக் கம்பிக்குக் கொடுக்கவேண்டும், ஈயத்துக்குக் கொடுக்கக்கூடாதாம். கம்பி சூடானால் ஈயம் தானாக ஓடி வந்து ஒட்டிக்கொள்ளுமாம். நீயும் நோட்டில் அதையேதான் எழுதியிருக்கிறாய், கூடவே ஒரு கழுதையும் சேர்த்து. முதல் நாள் ஈயம் உருண்டை உருண்டையாக மேசையில் விழுந்து ஓடியது. இரண்டாம் நாள் விரலைச் சுட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் பளபளவென்று ஒன்று விழுந்தது பார், பொத்தான் துளைக்குக் காஜா எடுத்த மாதிரி! யாரிடமாவது காட்டவேண்டும் போல் இருந்தது. பூனைகூட இல்லை வீட்டில்.

முன்பலகையில் ஓட்டை போட நம் தெருக்கோடித் தச்சரிடம் எடுத்துப் போனேன். "என்னக்கா, புறாக்கூடா?" என்றார். "புறா இல்லப்பா, பாட்டு குடிவரப் போவுது" என்றேன். "வாடகைக்கா, சொந்தமா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். ஆனால் வேலையில் விளையாடவில்லை. நான் அட்டையில் வெட்டிக்கொண்டு போன அளவை வைத்து மயிரிழை பிசகாமல் வட்டம் எடுத்துக் கொடுத்தார்.

காற்று கசியக்கூடாது என்று நோட்டில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். ஒவ்வொரு மூட்டிலும் பசை விட்டுக் காயவைத்தேன். பெரிய ஸ்பீக்கரைப் பொருத்தி, கூம்பை அழுத்திக்கொண்டே மூட்டுகளின் ஓரத்தில் ஒரு தையல் நூலைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஒரு மூலையில் நூல் ஆடியது. அங்கே மறுபடி பசை. இது உன் நோட்டில் இல்லை, என் சொந்த யோசனை. வேண்டுமானால் சேர்த்துக்கொள்.

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஒரு நாள் ஐந்தரைக்கே வந்துவிட்டார். ஈயப்புகை இன்னும் போகவில்லை. நீ வீட்டில் இருந்த நாளெல்லாம் முன்னறையில் அந்த வாசனைதானே! வாசலில் செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றார். "என்ன கருகுது?" என்றார். இஸ்திரிப்பெட்டி என்றேன். கட்டுப் போட்டிருந்த என் விரலைப் பார்த்தார். உள்ளே போனார். மறுநாள் மூன்று மணிக்குக் கிளம்பும் முன்பு பெட்டிமேல் இருந்த தன் செய்தித்தாள்களை எல்லாம் அவராகவே எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஏழு மணிக்குத்தான் திரும்புகிறார். டீக்கடையில் கூடுதலாக ஒரு மணி நேரம் என்ன செய்கிறார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது சந்தேகம். பெட்டிக்குள் பஞ்சு வைக்கவேண்டும் என்று இருக்கிறது. எவ்வளவு என்று இல்லை. தலையணை மாதிரி திணிக்கவா, மெத்தை மாதிரி பரப்பவா? இதற்கு நாலு புள்ளி ஏழு மாதிரி பதில் எழுத முடியாது. கொஞ்சம் விளக்கமாகத்தான் எழுதவேண்டியிருக்கும். அதற்கு நான் என்ன செய்ய?

உன் வீட்டுக்காரருக்கு வேலை நிலைத்துவிட்டதா? புது வேலை என்று உன் தோழி சொன்னாள்.

அன்புடன்,
அம்மா

3

வியாழக்கிழமை

அன்பு மகளுக்கு,

"தலையணை மாதிரி இல்லை. கையை விட்டால் கை உள்ளே போகவேண்டும். பிரித்துப் பிரித்து வை, சுவரை ஒட்டி. விரல் ஆறிவிட்டதா?"

உன் கடிதத்தை மனப்பாடமாகவே எழுதிவிட்டேன் பார். ஆறிவிட்டது. கடைசி வாக்கியத்தைப் படித்ததுமே ஆறிவிட்டது.

பஞ்சை நீ சொன்னபடியே வைத்தேன். மூடினேன். உன் தகர டப்பா ஆம்ப்ளிஃபையரையும் பாட்டுத் தட்டு ஓட்டும் பிளேயரையும் பரண்மேலிருந்து இறக்கித் தூசி தட்டி, நோட்டில் உள்ள படத்தைப் பார்த்து வயர்களை மாட்டினேன். நீ சோதித்துப் பார்ப்பதற்கென்றே வைத்திருந்த பாட்டுத் தட்டைப் போட்டேன். ஒரு பெண் குரல், ஒரு வயலின், அடியில் முழவு மாதிரி ஒன்று. அவ்வளவுதானே அதில்?

பாடியது, பொடிசு! என் கையால் பூட்டிய பெட்டி பாடியது. முதலில் அழுதேன். மறைப்பானேன்? ஆனால் அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து கேட்டபோது என்னவோ சரியில்லை என்று பட்டது. அந்தப் பெண் எங்கே நின்று பாடுகிறாள் என்றே தெரியவில்லை. ஒரு தரம் சுவருக்குப் பின்னால், ஒரு தரம் என் தலைக்குப் பின்னால். முழவு இருக்கிறது, ஆனால் அதற்கு உடம்பு இல்லை. எலும்புக்கூடு தட்டுகிற மாதிரி சத்தம். வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி என்று சொல்லமாட்டேன், அவ்வளவு மோசமில்லை. ஆனால் இதற்காகவா என் பெண் இரண்டு வருடம் லீவு நாளெல்லாம் மரத்தூளில் உட்கார்ந்திருந்தாள் என்று நினைத்தேன்.

எங்கே தப்பு செய்தேன் என்று நோட்டை முன்னும் பின்னும் புரட்டினேன். அந்தக் கவனத்தில் மணி போனது தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் அப்பா கதவருகே நிற்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ! பாட்டை அணைக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

உள்ளே வந்தார். நல்ல காதை ஒரு பெட்டியின் பக்கம் வைத்துக் கேட்டார். பிறகு மற்றதன் பக்கம். பானெட்டைத் திறந்து கேட்பாரே, அதே மாதிரி, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு. பாட்டு முடிகிறவரை குனிந்தே இருந்தார். நிமிர்ந்து, "தனித்தனியா கேட்டா ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. சேர்ந்தாத்தான் இழுக்க மாட்டேங்குது. ஒண்ணு முன்னால தள்ளுது, இன்னொண்ணு பின்னால இழுக்குது" என்றார்.

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். போனவர் திரும்பி வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவகிட்ட கேளு."

யாரிடம் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் பதினான்கு மாதத்தில் இந்த வீட்டில் "அவ" என்று ஒரு சொல் இப்போதுதான் வந்திருக்கிறது. அதைக் கேட்டதும் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. நிஜமாகவே வழிந்தது, கதைக்காகச் சொல்லவில்லை. வெகு நேரம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுதும் போதே இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு மறுபடி தைரியம் வராது.

நீ பதிவுத் திருமணம் செய்துகொண்டதைச் சொல்ல வந்த அன்று, அப்பா அந்த வார்த்தைகளைச் சொன்னபோது நான் சமையலறையில் இருந்தேன். உனக்குத் தெரியும். உன்னைவிடப் பதினோரு வயது மூத்தவர், முன்பே ஒரு தரம் கல்யாணமாகிப் பிரிந்தவர் என்று கேட்டதும் எனக்கும் கோபம்தான். அது இருக்கட்டும். உனக்குத் தெரியாதது ஒன்று. நான் குழாயைத் திறந்துவிட்டேன், பொடிசு. கழுவுவதற்குப் பாத்திரம் ஏதும் இல்லை. அப்பா சொல்வது காதில் விழக்கூடாது, நீ என்னைக் கூப்பிட்டால் அதுவும் விழக்கூடாது. அதற்காகத் திறந்தேன். நீ கூப்பிட்டாயா? இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் குழாயை மூடியபோது வாசற்கதவு சாத்தியிருந்தது. அப்பாவின் கோபத்துக்கு ஒரு சத்தமாவது இருந்தது. நான் செய்ததற்கு அதுவும் இல்லை.

மன்னித்துவிடு என்று எழுதமாட்டேன். கேட்டு வாங்குகிற சாமான் இல்லை அது.

ஆகவே கேள்வி இது: தனித்தனியாகக் கேட்டால் நன்றாக இருக்கும் இரண்டு பெட்டிகள் சேர்ந்து பாடும்போது ஏன் இப்படி ஆகின்றன? அப்பா கேட்கச் சொன்னார்.

எதிர்பார்த்திருக்கும்,
அம்மா

4

ஞாயிற்றுக்கிழமை

எங்கள் அன்பு மகளுக்கு,

"எங்கள்" என்று எழுதியிருப்பதைக் கவனித்தாயா? அப்பா எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் எழுதுவதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உன் கடிதம் வந்தது. ஒரு முழுப் பக்கம்! நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாதி படித்துவிட்டார். "அப்பாவுக்கு ஒரே தடவையில் கண்டுபிடிக்க முடிந்ததா? நான் படித்த இடத்தில் இதற்கு ஒரு மிஷினே வைத்திருந்தார்கள்" என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் வெகு நேரம் நின்றார். பிறகு காகிதத்தை என்னிடம் நீட்டி, "மிஷின் எதுக்கு? காது எதுக்கு இருக்கு?" என்றார். பாதிக் காதை வைத்துக்கொண்டு பேச்சைப் பார்!

ஒரு பெட்டிக்குள் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருக்கும், ஒன்றின் கூம்பு முன்னால் வரும் நேரத்தில் மற்றது பின்னால் போகும், அப்போது ஒன்றின் காற்றை மற்றது தின்றுவிடும் என்று எழுதியிருந்தாய். டார்ச் செல்லை வைத்துச் சோதிக்கச் சொல்லியிருந்தாய். அப்பாவே எழுந்து போய் டார்ச்சைக் கழற்றி செல்லை எடுத்து வந்தார். அவர் வயர் முனைகளைச் செல்லில் தொட்டார், நான் கூம்பைப் பார்த்துச் சொன்னேன். முதல் பெட்டியில் தொட்டதும் "வெளிய வருது" என்றேன். இரண்டாவதில் "உள்ள போவுது" என்றேன். நம்பாமல் இடத்தை மாற்றிக்கொண்டு அவர் பார்த்தார், நான் தொட்டேன். இப்படியே நாலைந்து தடவை. இரண்டு பேரும் தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்து, வெளியே, உள்ளே என்று கத்திக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டுக்காரம்மா சண்டை என்று நினைத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தப்பு என்னுடையதுதான். சிவப்பு வயர் தீர்ந்துபோக, இரண்டாவது பெட்டிக்குள் இரண்டுக்கும் கறுப்பையே போட்டுவிட்டேன். எது எது என்று நூல் கட்டி அடையாளம் வைத்தேன், அந்த நூல் அவிழ்ந்திருக்கிறது. தையற்காரியின் முடிச்சு அவிழ்ந்தது என்று வெளியே யாரிடமும் சொல்லாதே. நீ சொன்னபடி பெட்டியைத் திறக்காமல் பின்னால் இருக்கும் இரண்டு வயரை மட்டும் மாற்றினேன். ஒரு நிமிட வேலை. ஒரு வாரமாக நான் பட்ட பாட்டுக்கு ஒரு நிமிட மருந்து.

பாட்டைப் போட்டோம்.

பொடிசு, இதை உனக்கு எப்படி எழுதுவது? உனக்குத் தெரியும், நீ கேட்டிருப்பாய். எனக்குத்தான் தெரியாது. இரண்டு பெட்டிகளிலிருந்தும் ஒன்றும் வரவில்லை. அப்படித்தான் இருந்தது. இரண்டுக்கும் நடுவில், சுவர் மட்டுமே இருக்கிற இடத்தில், அந்தப் பெண் வந்து நின்றாள். அவள் மூச்சு வாங்குவது கேட்டது. வயலின்காரர் அவளுக்குச் சற்றே பின்னால், இடதுபுறம். முழவு தரை வழியாக வந்து காலைத் தொட்டது. நான் எழுந்து போய் அந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன். சிரிக்காதே, நிஜமாகவே போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அங்கே ஒருவரும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடி அவள் அங்கே நிற்கிறாள்.

ஆள் இல்லாத இடத்திலிருந்து குரல் வருவது எனக்குப் புதிதில்லை. பதினான்கு மாதமாக இந்த வீட்டில் அதுதான் நடக்கிறது. ஆனால் அது எனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று இதுவரை நினைத்திருந்தேன். அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

பாட்டு முடிந்ததும், "எனக்குக் கொஞ்சம் தள்ளி நிக்கிறா" என்றார். எஞ்சின் பக்கத்துக் காதினால் அப்படி இருக்கும் என்றேன். உடனே நாற்காலியை இழுத்து ஒரு சாண் நகர்த்தினார், கேட்டார், இன்னும் நாலு விரல் நகர்த்தினார். "இப்ப வந்துட்டா" என்றார். அந்த இடத்தில் தரையில் என் சுண்ணாம்புக் கட்டியால் நாலு கால்களுக்கும் குறி போட்டு வைத்திருக்கிறார். நான் பெருக்கும்போது அழியக்கூடாதாம்.

இப்போதெல்லாம் டீக்கடைக்கு மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் போகிறார். நேற்று அங்கே பழைய கண்டக்டர் ஒருவரிடம் ஸ்பீக்கரைப் பற்றிப் பேச்சு வந்ததாம். யார் செய்தது என்று அவர் கேட்டதற்கு, "எங்க வீட்டுப் பொம்பளைங்க ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சாங்க" என்று சொன்னாராம். தலையைச் சொறிந்துகொண்டு என்னிடம் இதைச் சொன்னார், தவறு செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி.

நான் எழுதிய குழாய் விஷயத்துக்கு நீ ஒரே வரி எழுதியிருந்தாய்: "கூப்பிட்டேன் அம்மா." எனக்குத் தெரிந்துதான் கேட்டேன் போலிருக்கிறது. உண்மையைச் சொன்னாயே, நல்லது செய்தாய். இல்லை என்று நீ எழுதியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன், நம்பாமல் மறுபடி கேட்கவும் முடிந்திருக்காது. இனி எப்போது கூப்பிட்டாலும் எனக்குக் கேட்கும். இதற்குமேல் நான் என்ன எழுத?

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே குளிர் அதிகம் என்று உன் தோழி சொன்னாள். கம்பளிச் சட்டை ஒன்று தைத்து வைத்திருக்கிறேன், உன் பழைய அளவுக்கு. இன்னொன்றும் தைக்கலாம், ஆனால் அதற்கு அளவு இல்லை. தோள்பட்டை, கை நீளம், மார்புச் சுற்றளவு இந்த மூன்றையும் அளந்து எழுதச் சொல். உயரமானவர் என்று கேள்விப்பட்டேன்.

கடைசியாக அப்பாவின் கேள்வி ஒன்று. இதற்காகத்தான் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். உன் நோட்டில் கடைசிப் பக்கத்தில் இரண்டு பெட்டிகளையும் கேட்பவரையும் முக்கோணமாகப் போட்டு, கேட்பவருக்கு ஒரே ஒரு நாற்காலி வரைந்திருக்கிறாய். அதைப் பார்த்ததிலிருந்து அவருக்கு மனசு சரியில்லை. நேற்று டேப்பை எடுத்து முன்னறையின் நீள அகலத்தை அளந்தார். சாப்பாட்டு மேசை நாற்காலிகளைக் கொண்டுவந்து இப்படியும் அப்படியுமாகப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் சரிவரவில்லை. "நாலு பேர் உக்காந்து கேக்கணும்னா பெட்டியை எப்படி வைக்கணும்னு எழுதிக் கேளு" என்கிறார்.

நாலு பேர்.

அவர், நான், நீ. நாலாவது யார் என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே. அறை பதினோரு அடிக்குப் பதினான்கு. ஜன்னல் தெருப்பக்கம். இதைக் காகிதத்தில் வரைந்து அனுப்பினால் எங்களுக்குப் புரியாது, பொடிசு. நேரில் வந்து நகர்த்திக் காட்டினால்தான் புரியும்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்கவேண்டும். மாப்பிள்ளையை நாங்கள் இரண்டு பேரும் விசாரித்ததாகச் சொல்.

என்றும் உன்
அம்மா, அப்பா